நான்காவது சிலிண்டர்

பழைய கார் ஒன்றை விற்றதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பூர்வீக வீட்டை விற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிலத்தை விற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு ஊர் திரும்பும் சம்சாரியின் துயரம் நம் சிறுகதைகளுக்கு அந்நியமானதல்ல. காருக்கு அந்தத் தகுதி கிடையாது. கடன் வாங்கி வாங்குகிறோம், தேயும் வரை ஓட்டுகிறோம், தேய்ந்ததும் தள்ளிவிடுகிறோம். கண்ணீருக்கு அங்கே இடமில்லை.

ஆனால் நாங்கள் விற்றது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த காரை அல்ல. பத்து ஆண்டுகளாகத் திருகாணி திருகாணியாக மாற்றி, எங்கள் மனப்போக்குக்கு ஏற்ப வளைத்து, தினமும் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிய கார் அது. அதை விற்க நாங்கள் அலைந்த ஏழு வாரங்களில், இருபது ஆண்டு இல்லறத்தில் எங்களுக்கிடையே வந்திராத ஒரு கேள்வி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

(இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். யார் வேகமாக ஓட்டினார், யார் பயந்தார் என்ற விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். இரண்டையும் இருவருமே செய்திருக்கிறோம் என்பதுதான் காரணம்.)

*

கார் 2004ஆம் ஆண்டு தயாரான சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஆஸ்திரேலியர்கள் செல்லமாக ‘ரெக்ஸ்’ என்பார்கள். நீல நிறம். மெல்பர்னில் 2009இல், 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், 21,500 டாலருக்கு வாங்கினோம். நியாயமான விலையா என்று இன்றுவரை எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அந்த நீலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1995இல் காலின் மெக்ரே என்னும் ஸ்காட்லாந்துக்காரர் உலக ராலிப் பட்டத்தை வென்றது நீல இம்ப்ரெசாவில்தான். அந்த ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தயாரிப்பாளர் பட்டமும் சுபாருவுக்கே கிடைத்தது. எங்கள் பக்கத்தில், நியூசிலாந்தைச் சேர்ந்த போஸம் போர்ன் 1996 முதல் 2002 வரை தொடர்ச்சியாக ஏழு முறை ஆஸ்திரேலிய ராலிப் பட்டத்தைச் சுபாருவில் வென்றார். மண்சாலையிலும் பனியிலும் இப்படி வென்ற ஒரு வண்டியை, பின்னிருக்கையும் நான்கு கதவுகளும் ஓரளவு பெரிய டிக்கியும் வைத்து, நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய விலையில் விற்றதுதான் அந்நிறுவனத்தின் சாமர்த்தியம். அரிசி மூட்டை ஏற்றலாம். ஆறு விநாடிகளை ஒட்டிய நேரத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தையும் தொடலாம். குடும்பஸ்தர்கள் தங்கள் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

வண்டி வந்த முதல் வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். (எங்களில் யாருடைய அம்மா என்பதும் இங்கே முக்கியமில்லை. வீட்டில் ஒரே ஓர் அம்மாதான்.) முன்புறச் சின்னத்தில் இருந்த மீன்களை விரல் வைத்து எண்ணினார்கள். பெரியது ஒன்று, சிறியவை ஐந்து. “கார்த்திகைன்னா இது?” என்றார்கள். நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. தேடிப் பார்த்தால், சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கான பெயரேதான். நம் சங்கப் பாடல்களில் அறுமீன் என்று வருவது. ஐந்து நிறுவனங்கள் இணைந்து 1953இல் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் உருவானபோது, ஐந்து சிறு மீன்களும் அவற்றை ஒன்றாக்கிய பெரிய மீனுமாகச் சின்னம் அமைந்ததாம். 2017இல் அந்நிறுவனம் தன் பெயரையே சுபாரு என்று மாற்றிக்கொண்டது. அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. முருகனை வளர்த்த ஆறு பேர் வண்டியின் நெற்றியில் இருக்கிறார்கள், அது போதும். சன்ஷைன் முருகன் கோயிலுக்குப் போய், சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி மறுநாள் அலுவலகம் போயிற்று.

*

டர்போ என்பதைப் பற்றி ஒரு பத்தி சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டாமல் வேட்டிக்குப் போட்டு மொடமொடப்பாக்கும் வீட்டுச் சிக்கனம்தான் டர்போ. எஞ்சினில் எரிந்து முடிந்த புகை, சூட்டோடும் அழுத்தத்தோடும் வீணாக வெளியேறுகிறது. அதன் பாதையில் ஒரு சிறு காற்றாடியை வைத்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடலாம், வலுவும் கூடும். ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அமுக்கிய காற்று சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்க இன்டர்கூலர். எங்கள் வண்டியின் பானெட்டில் திமில்போல எழுந்து நிற்கும் துவாரம் அதற்காகத்தான். பார்ப்பவர்கள் நினைப்பதுபோல வெறும் ஜம்பத்துக்கு அல்ல.

ஆசை பிறப்பது இங்கேதான். எவ்வளவு காற்றை அமுக்குவது என்பதை ஒரு கணினிதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணினியில் எண்களை மாற்றினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். தொழிற்சாலை ஏறக்குறைய 13 பவுண்டு அழுத்தத்தில் நிறுத்தியிருந்ததை நாங்கள் 17க்கு ஏற்றினோம். அதற்கு முன்பு சைலன்சரை மாற்றினோம். டர்போவை ஒட்டிய குழாயை அகலமானதாக மாற்றினோம். வலு கூடியதால் க்ளட்ச் வழுக்கியது, அதை மாற்றினோம். வேகம் கூடியதால் பிரேக்கை மாற்றினோம். வளைவுகளில் வண்டி சாய்வதாகத் தோன்றியதால் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி நாலு விரற்கடை தாழ்த்தினோம். ஒன்றை மாற்றினால் அது அடுத்ததைக் கைகாட்டும். பத்து ஆண்டுகளில் 14,000 டாலர். இந்தத் தொகையை இப்போதுதான் முதன்முறையாக முழுமையாகக் கூட்டிப் பார்க்கிறோம்.

இவ்வளவும் செய்துவிட்டு அதை எங்கே ஓட்டினோம்? மொனாஷ் நெடுஞ்சாலையில், காலை எட்டு மணி நெரிசலில், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில். கனத்த க்ளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவர் சத்தத்தைக் கேட்டு ஓரங்கட்டினார். உள்ளே இளைஞர் பட்டாளத்தை எதிர்பார்த்துக் குனிந்தவருக்கு, பின்னிருக்கையில் கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் அம்மாவும் தென்பட்டபோது ஏற்பட்ட முகமாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆனாலும் ஒரு ஞாயிறு விடியலில், ஹீல்ஸ்வில்லைத் தாண்டி, வானளாவிய மரங்களுக்கும் பெரணிகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறும் பிளாக் ஸ்பர் சாலையில், மூன்றாம் கியரில் டர்போ விழித்துக்கொள்ளும் அந்தக் கணம்... வேண்டாம். விற்ற பொருளைப் புகழ்வது முறையல்ல.

*

விற்க முடிவெடுத்தது வேகத்தடைகளால்.

2018இல் அம்மா எங்களோடு நிரந்தரமாக வந்து தங்கினார்கள். அந்த ஆண்டே இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் பதினோரு வேகத்தடைகள். தாழ்த்தி இறுக்கிய வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது அம்மா மேற்கைப்பிடியைப் பற்றிக்கொண்டு “முருகா” என்பார்கள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. போக பதினொன்று, வர பதினொன்று. ஒருநாள் எங்களில் ஒருவர், இருபத்திரண்டாவது ‘முருகா’வுக்குப் பிறகு, வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னார்: “வித்துடலாம்.” மற்றவர் மறுக்கவில்லை.

விக்டோரியா மாநிலத்தில் பதிவோடு காரை விற்க, சாலைத் தகுதிச் சான்று பெற்றுக் கொடுப்பது விற்பவரின் கடமை. அது முப்பது நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. எங்கள் மாற்றங்களில் சிலவற்றுக்குப் பொறியாளர் சான்று வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. ஆகவே வண்டியைப் பழையபடி ஆக்கினால்தான் சான்று கிடைக்கும். நல்லவேளையாக, கழற்றிய ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி கராஜில் வைத்திருந்தோம். மெக்கானிக் ஒருவரின் துணையோடு இரண்டு சனிக்கிழமைகளில் பழைய சைலன்சரும் ஸ்பிரிங்குகளும் திரும்ப ஏறின; கணினியும் தொழிற்சாலை எண்களுக்குத் திரும்பியது. மாற்றங்களைத் தனித்தனியாக விற்றோம். 14,000 டாலர் பெறுமானம் 3,100 டாலர் ஆனது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தச் சந்தையில் நாம் கூட்டியவற்றுக்கு விலையே இல்லை. சொல்லப்போனால், மாற்றங்கள் செய்த வண்டிக்கு, செய்யாத வண்டியைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எங்கள் ரசனை எங்களுடையது; அதற்கு இன்னொருவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? வாங்குபவர் கேட்பது வேறு கேள்வி: இந்த ரசனையால் எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. அதுதான் சங்கடம்.

மெக்கானிக் தம் வேலையின் ஊடே, நாங்கள் கேட்காமலே, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று அளந்து பார்த்திருந்தார். முதல் மூன்றில் எட்டு, ஒன்பது, எட்டு விழுக்காடு. அந்த வயது எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. நான்காவதில் இருபத்துநான்கு. எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியைத் திறந்து காதை வைக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய சீறல். பிஸ்டன் வளையங்கள் இருக்கும் இடத்தில் ஏதோ உடைந்திருக்கிறது என்றார். அமுக்கம் கூடும்போது எரிபொருள் சில சமயம் முறைப்படி எரியாமல் வெடித்துத் தாக்கும். அந்த அடியை முதலில் வாங்குவது வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்புதான். 13ஐ 17 ஆக்கியதன் கணக்கு அங்கே எழுதப்பட்டிருந்தது.

“இப்படியே இன்னும் ரெண்டு வருஷமும் ஓடலாம். அடுத்த மாசமும் போகலாம்” என்றார். சான்றுக்கு இது தடையில்லை. அவர்கள் பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றின் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். எஞ்சினின் உள்ளுக்குள் ஒளிந்திருப்பதைத் தேட மாட்டார்கள். சான்று கிடைத்துவிட்டது.

*

அன்றிரவு நாங்கள் பேசியதை இங்கே முழுமையாகத் தர இயலாது. சாரத்தை மட்டும் தருகிறோம்.

எங்களில் ஒருவர் சொன்னார்: கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும்? பதினைந்து வருடப் பழைய டர்போ வண்டியை வாங்க வருகிறவர் அதன் ஆபத்துகளை அறிந்துதான் வருகிறார். வேண்டுமானால் அவரே ஒரு மெக்கானிக்கை அழைத்து வரட்டும். நமக்கு விற்றவர் நம்மிடம் எல்லாவற்றையும் சொன்னாரா?

மற்றவர் சொன்னார்: நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால் சரி. தெரிந்துவிட்டதே.

முதலாமவர்: தெரிந்ததற்கு மூவாயிரம் டாலர் அபராதமா? அம்மாவின் மருத்துவச் செலவை எண்ணிப் பார்.

பணம் என்ற சொல் வந்ததும் இருவருமே சற்றுத் தணிந்த குரலுக்கு மாறினோம். பக்கத்து அறையில் அம்மா விழித்திருந்தார்கள் என்பது மறுநாள் காலைக் காப்பியின்போதுதான் தெரிந்தது. காரைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசவில்லை. தம் தகப்பனார் மாடு விற்ற கதையைச் சொன்னார்கள். சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி விரல்பிடித்துப் பேரம் பேசும்போது, தாத்தா துண்டுக்குள் கையை நீட்டும் முன்பே “உதைக்கும்” என்று வாயால் சொல்லிவிடுவாராம். தரகருக்குக் கோபம் வருமாம். விலை அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

“ஏன் அப்படிச் சொல்லணும்னு நாங்க கேப்போம். அதுக்கு அவுக சொல்றது: உதைக்கிற மாட்டை உதைக்கும்னு சொல்லி வித்துட்டா, அப்புறம் அது உதைச்சா மாட்டோட குணம். சொல்லாம வித்தா, அது வித்தவனோட உதை.”

காப்பி ஆறிப்போயிற்று. விளம்பரத்தில் ஒரு வரியைச் சேர்த்தோம்: நான்காவது சிலிண்டரில் கசிவு, அளவுத் தாள் காட்டப்படும். விலை 10,500 டாலர், பேசலாம்.

*

விளம்பரத்துக்கு வந்தவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். “கடைசி விலை என்ன?” என்று மட்டும் கேட்டு மறைந்தவர்கள் பலர். காருக்குப் பதிலாகத் தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றைத் தருவதாகச் சொன்னவர் ஒருவர். எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே மிதியைத் தரை வரை அழுத்தி, பக்கத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரவழைத்தவர் ஒருவர். அளவுத் தாளைப் பார்த்ததும் புன்னகையோடு விடைபெற்றவர்களே அதிகம்.

நான்காம் வாரம் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். அக்காள் ஓட்டிவர, பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பானெட்டைத் திறந்ததும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நாங்கள் அறிவோம். 2009இல் எங்கள் முகங்களிலும் அதுதான் இருந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவனுக்கு மனப்பாடம். தட்டையாகப் படுத்து ஒன்றையொன்று குத்துவதுபோல நகரும் இந்த நான்கு பிஸ்டன்களின் சத்தத்துக்குக் காரணம், நீளம் வேறுபடும் புகைக்குழாய்கள்தான் என்று எங்களுக்கே விளக்கினான். தாளைக் காட்டினோம். “தெரியும். படித்துவிட்டுத்தான் வந்தேன். எஞ்சினைப் பிரித்துக் கட்டிக்கொள்வேன்” என்றான். பேரமே பேசவில்லை. 10,500ஐ அப்படியே தருவதாகச் சொன்னான்.

அப்போதுதான் அக்காளின் காரில் ஒட்டியிருந்த பச்சை நிறப் ‘பி’ எழுத்து கண்ணில் பட்டது. அக்காளுடையதா என்று கேட்டோம். தன்னுடையது என்றான். இங்கே முழு உரிமம் பெறுவதற்கு முந்தைய தகுதிகாண் காலத்தில் இப்படிப்பட்ட பழைய டர்போ கார்களை ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. “இன்னும் பதினான்கு மாதம்தான். அதுவரை கராஜில் நிற்கும். எஞ்சின் வேலையே அவ்வளவு நாள் ஆகும்” என்றான்.

அவன் அக்காள் ஒன்றும் சொல்லாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்குவது குற்றமில்லை. விற்பதும் குற்றமில்லை. ஒரே நேரத்தில் எங்களில் ஒருவர் “சரி” என்றார். மற்றவர் “வேண்டாம்” என்றார். முந்தைய இரவுச் சண்டையில் நின்ற இடங்களை இருவரும் மாற்றிக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றவர், சொல்லியாகிவிட்டதே என்று விற்கத் தயார். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம் என்றவருக்கோ, பையனின் முகத்தைப் பார்த்தபின் விற்கவே மனமில்லை.

கடைசியில் வேண்டாம் என்றோம். அவன் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்: “நீங்கள் வாங்கும்போது உங்களுக்கு என்ன வயது?”

“முப்பதுக்கு மேல்.”

“அப்போது மெதுவாக ஓட்டினீர்களா?”

அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறோம். 2011இல், மழை ஓய்ந்த ஒரு காலையில், பிளாக் ஸ்பரின் வளைவொன்றில் ஈர இலைகள் மீது வண்டி வழுக்கி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் பாதி நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் வலு போகும் அமைப்பு எங்களை இழுத்துத் திரும்பச் சேர்த்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் மரம் ஏற்றிய லாரி ஒன்று அந்த இடத்தைக் கடந்து போயிற்று. அன்று நாங்கள் பிழைத்ததில் எங்கள் திறமைக்குப் பங்கே இல்லை. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஏழு முறை பட்டம் வென்ற போஸம் போர்ன்கூடப் போட்டியில் இறக்கவில்லை. 2003 ஏப்ரலில், நியூசிலாந்தின் மலைப்பாதை ஒன்றில், வரவிருந்த பந்தயத்துக்காக வழியைப் பார்த்துக்கொண்டு இறங்கியபோது எதிரே வந்த காரோடு மோதியதில் பட்ட காயத்தால் இறந்தார். அவருக்கே அப்படி என்றால், இருபது வயதுக்கு நாம் என்ன உத்தரவாதம் தர முடியும்?

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பையன் அடுத்த வாரமே வேறொருவரிடம் வேறொரு ரெக்ஸை வாங்கியிருப்பான். அந்த வண்டியின் நான்காவது சிலிண்டரைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். எங்கள் மறுப்பு அவனைக் காப்பாற்றவில்லை. எங்கள் தூக்கத்தைத்தான் காப்பாற்றியது. இரண்டும் ஒன்றென்று எண்ணி நாங்கள் ஏமாறத் தயாரில்லை.

*

ஏழாவது வாரம் டாண்டினாங்கிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். விரல் ரேகைகளில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட கறுப்பு. தாளைப் படித்தார். எண்ணெய் மூடியைத் திறந்து, நாங்கள் சொல்லாமலே காதை வைத்தார். தெருமுனை வரை ஒரே ஒருமுறை, பூப்போல ஓட்டிப் பார்த்தார். “எஞ்சின் எப்படியும் இறங்க வேண்டியதுதான். உடம்பு நன்றாக இருக்கிறது. 7,400” என்றார். நாங்கள் பேரம் பேசவில்லை. 21,500க்கு வாங்கி, 14,000 செலவழித்து, உதிரியும் வண்டியுமாக 10,500க்கு முடிந்தது கணக்கு. தற்செயலாக அது நாங்கள் முதலில் கேட்ட அதே தொகை.

இந்த வண்டியில் ஒரு சிறு பெட்டி உண்டு. வேகமாக ஓடி நின்றதும் எஞ்சினை உடனே அணைத்தால் டர்போவின் கொதிக்கும் சூட்டில் எண்ணெய் கருகிப் படியும். ஆகவே சாவியை எடுத்த பிறகும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, பிறகு அதுவே அணைத்துவிடும். புதிதாக வரும் விருந்தினர்கள் வண்டியை அணைக்க மறந்துவிட்டோம் என்று ஓடி வந்து சொல்வார்கள். வழி தெரிந்துகொள்ள இன்னொருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டு, அவர் சாவியோடு இறங்கி வந்து மேசையில் உரிமை மாற்றப் படிவத்தை விரித்தார். நாங்கள் கையெழுத்திட்டோம். அவர் கையெழுத்திட்டார். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. பிறகு அதுவாக நின்றது.

அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, முன்புறத்து ஆறு மீன்கள் மேல் திருநீறு பூசினார்கள். மெக்கானிக் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இப்போது ஹைபிரிட் கார் ஒன்று வைத்திருக்கிறோம். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வண்டி. வேகத்தடைகள் மேல் தொட்டில்போல ஏறி இறங்குகிறது. அம்மா பழக்கத்தில் “முருகா” என்று சொல்லிவிட்டு, வலிக்கவில்லை என்பது நினைவு வந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விற்ற நான்காம் மாதம் மெக்கானிக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. கழற்றிய நான்காவது பிஸ்டன். வளையங்களுக்கு நடுவிலுள்ள விளிம்பில், விரல் நகமளவு துண்டு ஒன்று பெயர்ந்து போயிருந்தது. கீழே இரண்டே சொற்கள்: “சொன்னபடியே இருந்தது.”

அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிஸ்டனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

“உதைச்சிருச்சாக்கும்?” என்றார்கள்.